சதுர அடிக் கணக்கில் முகங்கள்

கணினி ஓவியக் கலையை என்ன செய்தது என்று ஆராய்பவர்கள் வழக்கமாகக் கலைக்கூடங்களுக்கும் ஏல நிறுவனங்களுக்கும் போவார்கள். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை தெருமுனைக்குப் போனாலே போதும். 2000ஆம் ஆண்டை ஒட்டி இங்கே பரவத் தொடங்கிய ஃபிளெக்ஸ் அச்சு, அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கையால் பேனர் வரையும் தொழிலைக் கிட்டத்தட்ட இல்லாமலாக்கிவிட்டது. நம் கண்ணெதிரே ஓர் ஓவியத் தொழில் இவ்வளவு வேகமாக அழிந்ததற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதை ஓவியர்களின் பிழைப்பு போன கதையாகச் சொல்லி வருந்துவது வழக்கம். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் கதையின் பாதிதான் அதில் இருக்கிறது. ஒரு முகத்தை இருபதடி உயரத்துக்குப் பெரிதாக்க ஆகும் செலவு ஃபிளெக்ஸ் அச்சு இயந்திரம் வந்ததும் சரிந்தது. ஊர் நடுவே யார் பெரிதாகத் தெரியலாம் என்பதற்கு அதுவரை இருந்த வரம்பும் அதோடு போயிற்று. பின்னால் நடந்த பலவற்றுக்கும், இன்று செயற்கை நுண்ணறிவுப் படங்களைப் பற்றி நாம் போடும் சண்டைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கைப்பேனர் உருவான விதத்தை முதலில் பார்த்துவிடலாம். படக் கம்பெனியிலிருந்து ஸ்டில்கள் வரும். எந்த முகம் எங்கே, எவ்வளவு பெரிதாக என்று தலைமை ஓவியர் முடிவு செய்து சின்னதாக ஒரு மாதிரி போடுவார். ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாகப் போட்டு உருவத்தை ஏற்றுவார்கள். சில பட்டறைகளில் இரவில் புரொஜெக்டரால் படத்தைத் துணியில் விழவைத்துக் கோடு பிடிப்பார்கள். பொடி வண்ணத்தை எண்ணெயில் குழைப்பது புதிதாகச் சேர்ந்த பையனின் வேலை. உடையும் பின்னணியும் தேர்ந்த சீடர்களுக்கு. முகம் மட்டும் குருவுக்கு. எழுத்துக்குத் தனி ஆள். கட்-அவுட் என்றால் பலகையில் துண்டு துண்டாக வரைந்து, உருவத்தின் ஓரத்தை ஒட்டி அறுத்து, சவுக்குக் கம்புச் சாரத்தில் ஏற்றிப் பொருத்த வேண்டும். தரையில் கிடக்கும் ஒரு கண்ணையும் பாதி மீசையையும் மட்டுமே பார்த்து வரைபவருக்கு, முழு முகமும் அது சாரத்தில் ஏறிய பிறகுதான் தெரியும்.

மும்பையில் ஓவியர் எம்.எஃப். ஹுசைன் 1930களில் சினிமா பேனர் வரைந்துதான் வயிறு கழுவினார். சென்னையில் நாட்காட்டி ஓவியங்களால் வீடுதோறும் அறியப்பட்ட கே. மாதவன் பேனர் உலகிலும் பெரிய பெயர். 1948இல் ‘சந்திரலேகா’வை எஸ்.எஸ். வாசன் விளம்பரப்படுத்திய ஆடம்பரம் இந்தத் தொழிலுக்கே ஓர் ஏற்றம் தந்தது. பிறகு திராவிட இயக்கத் தலைவர்கள் திரையிலிருந்து மேடைக்கு வந்தபோது அவர்களுடைய உருவங்களும் கூடவே வந்தன. 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டின்போது நகரத்தையே மறைத்து நின்ற முதல்வர் ஜெயலலிதாவின் கட்-அவுட்டுகளை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கலை வரலாற்றாளர் பிரேமிந்தா ஜேக்கப் இந்தப் பேனர்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அது வெளிவந்த 2009இல் அவர் ஆராய்ந்த தொழில் பெரும்பாலும் முடிந்துபோயிருந்தது.

அந்த ஓவியங்களின் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கன்னத்தில் ரோஜா நிறம், தாடையின் நிழலில் நீலமும் பச்சையும், நெற்றியில் தடித்த வெள்ளைத் தீற்றல். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வெறும் வண்ணத் திட்டுகள்; ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் உயிருள்ள முகம். யாரும் அதைப் புகைப்படம் என்று நினைத்ததில்லை. நாற்பதடி நடிகர் ஒரு மனிதர் வரைந்த நாற்பதடி நடிகர் என்பது பார்த்த எல்லோருக்கும் தெரியும். அது எல்லோரும் அறிந்த மிகை. இந்தத் தெளிவுதான் பின்னால் காணாமல் போனது.

இயந்திரம் படத்தைப் பெருக்குவது நமக்குப் புதிதல்ல. ரவிவர்மா 1894இல் தொடங்கிய அச்சகமே சாமி படங்களை வீட்டுக்குள் கொண்டுவந்தது. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் லட்சக்கணக்கில் அச்சாகிச் சுவர்களில் தொங்கின. ஆனால் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் ஓர் ஓவியர் உட்கார்ந்திருந்தார். அச்சகம் எவ்வளவு பெரிதானாலும் அவர் வரைந்து தராமல் எதுவும் ஓடாது. சாலையோரத்தில் இன்னும் வசதி: அச்சகத்தால் அவ்வளவு பெரிய அளவுக்கு எட்டவே முடியவில்லை. பெரிய அளவு என்பதே பேனர் ஓவியரின் பாதுகாப்பாக இருந்தது.

ஃபிளெக்ஸ் அந்தப் பாதுகாப்பை நேராக உடைத்தது. பாலியெஸ்டர் வலையின் மேல் பி.வி.சி. பூசிய துணி, நான்கு நிற மையைத் துளித் துளியாகப் பீய்ச்சும், பத்தடி அகலம் வரை அச்சிடும் இயந்திரம், அதற்குக் கட்டளை தர ஒரு கணினி. மாலையில் கோப்பு கொடுத்தால் காலையில் பேனர் கட்டிவிடலாம். விலை சதுர அடிக்குச் சில ரூபாய். கைப்பேனருக்கு நாட்கள் ஆகும், வெயிலிலும் மழையிலும் மங்கும், ஜாடை தவறினால் கட்சிக்காரர் சண்டைக்கு வருவார். இந்தப் போட்டியில் ஓவியர் வெல்ல வழியே இல்லை. கைப்பேனரைப் பற்றி ஏங்கி எழுதுபவர்களில் எத்தனை பேர் தங்கள் கடைக்குக் கூடுதல் விலை கொடுத்து அதை வாங்கியிருப்பார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வேலை இழந்தவர்களில் சிலர் சாரம் கட்டும் ஒப்பந்தக்காரர்களானார்கள். சிலர் கோயில் சுதைகளுக்கு வண்ணம் அடிக்கப் போனார்கள். கணினி பழகி டிசைனர் ஆனவர்கள் குறைவு. 2009 வாக்கில் சென்னை மாநகராட்சி, போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகளின் சுவர்களில் கோயில், நாட்டியம், ஜல்லிக்கட்டு என்று பண்பாட்டுக் காட்சிகளை வரையச் செய்தது. தூரிகை பிடித்தவர்களில் பலர் பழைய பேனர் ஓவியர்கள். ரசிகர் மன்றங்களின் படக் கலாசாரத்தை ஆராய்ந்த மானுடவியலாளர் ரூஸ் கெரிட்சென் இந்தச் சுவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அரசியலையும் சினிமாவையும் அழித்துவிட்டு, சுற்றுலாக் கையேட்டுக்கு ஏற்ற நகரம் ஒன்று அங்கே வரையப்பட்டது. நேற்றுவரை நடிகரை வரைந்த அதே கை, அதே கூலி உறவு. மாறியது பார்வையாளர் யார் என்ற கணக்கு மட்டுமே.

2020இல் சென்னை கண்ணகி நகரில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட அந்த அடுக்குமாடிகளின் பக்கவாட்டுச் சுவர்களில், ஸ்டார்ட் இந்தியா அமைப்பு மாநகராட்சியோடும் ஒரு பெயின்ட் நிறுவனத்தோடும் சேர்ந்து பிரமாண்டமான ஓவியங்களை வரையவைத்தது. இன்றைய சுவரோவியர்கள் பெரும்பாலும் டேப்லெட்டில் முதலில் வரைந்து, பிறகுதான் சுவரில் ஏற்றுகிறார்கள். படம் பார்க்கப்படுவதும் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில்தான். தொடக்கமும் முடிவும் திரையில், நடுவில் மட்டும் சுவர். ஓவியங்கள் அழகானவை, அங்கே வசிப்பவர்களின் முகங்களை மரியாதையோடு வரைந்தவையும் உண்டு. குடிநீருக்கும் வேலைக்கும் அவர்கள் படும் பாடு மட்டும் அந்தப் புகைப்படங்களில் விழுவதில்லை.

இனி, செலவு சரிந்ததால் சமூகத்தில் என்ன ஆயிற்று என்பதற்கு வருகிறேன். இதுதான் என்னை அதிகம் யோசிக்கவைக்கும் பகுதி. கை ஓவியக் காலத்தில் சாலையில் பெரிதாகத் தெரிய நடிகராகவோ தலைவராகவோ கடவுளாகவோ இருக்க வேண்டும். ஃபிளெக்ஸ் வந்த பிறகு காதணி விழாக் குழந்தையும், பூப்புனித நீராட்டு விழாப் பெண்ணும், மணமக்களும், இறந்துபோன பெரியப்பாவும் அந்த இடத்துக்கு வந்தார்கள். இதைப் பார்த்து முகம் சுளித்த நகர்ப்புற மேல்தட்டின் பேச்சில் அழகுணர்ச்சியைவிடச் சாதித் திமிரே தூக்கலாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். நகரத்துச் சுவர் எதிலும் தன் முகத்தைப் பார்த்திராத ஒரு கூலித் தொழிலாளி, மகள் திருமணத்துக்குத் தன் பெயரையும் படத்தையும் பத்தடிக்கு வைத்துக்கொண்டதில் ஒரு நியாயமான பெருமிதம் இருந்தது. அம்பேத்கர் படத்தோடு சேரி முகப்பில் ஒரு பேனர் கட்டுவது என்பது, இந்த ஊரில் நாங்களும் இருக்கிறோம் என்ற அறிவிப்பு. அதனால்தான் அந்தப் பேனர்கள் கிழிக்கப்பட்டன. கிழிப்பிலிருந்து கைகலப்புகள் வந்தன. தென் மாவட்டங்களில் தலைவர்களின் நினைவு நாட்கள் நெருங்கினால், பேனர் வைக்க மாவட்ட நிர்வாகம் கட்டுப்பாடு விதிப்பது வாடிக்கையாகிவிட்டது.

ஆனால் வரம்பு போனதும் சமத்துவம் வந்துவிடவில்லை. பேனருக்குள்ளேயே ஒரு படிநிலை உருவாயிற்று. நடுவில் தலைவர்; மேல் மூலையில் மறைந்த தலைவர்கள்; பக்கத்தில் மாவட்டம், அதைவிடச் சிறிதாக ஒன்றியம்; அடியில் தீப்பெட்டி அளவில் வரிசையாக, செலவைப் பங்கிட்ட இளைஞர்கள். யார் முகம் எத்தனை அங்குலம் என்பதில் கட்சிக்குள் சண்டைகள் நடந்திருக்கின்றன. கட்சிப் பேனரில் தலைவியைத் தவிரப் பெண் முகம் அரிது. பெண் முழு உருவமாகப் பேனரில் வரும் இடம் பெரும்பாலும் மஞ்சள் நீராட்டு விழா. வயதுக்கு வந்த செய்தியோடு ஒரு சிறுமியின் படத்தை, போட்டோஷாப்பில் அன்னப்பறவைகளும் அருவிகளும் சேர்த்து, பேருந்து நிறுத்தத்தில் கட்டிவைப்பது இருக்கிறதே, அந்தப் பெண்ணைக் கேட்டு யாரும் செய்வதில்லை. பழைய சடங்கு வீட்டு முற்றத்துக்குள் இருந்தது. தொழில்நுட்பம் அதைச் சாலைக்கு இழுத்து வந்தது. இதை நான் முன்னேற்றம் என்று கணக்கெழுத மாட்டேன்.

இதையெல்லாம் வடிவமைத்தவர்கள் டி.டி.பி. கடைகளில் இருந்த இருபது வயதுப் பையன்கள். கோரல் டிரா, போட்டோஷாப், இணையத்தில் இறக்கிய பின்னணிகள், பாமினி போன்ற ஒரு சில எழுத்துருக்கள். நிழல் விழும் எழுத்து, வளைந்தோடும் எழுத்து என்று ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் வேறுபட்ட பலகை எழுத்து இந்தச் சில எழுத்துருக்களில் அடங்கிப்போயிற்று. வடக்கே ஹனீஃப் குரேஷி, பலகை எழுத்துக் கலைஞர்களின் எழுத்தை அவர்கள் பெயரிலேயே கணினி எழுத்துருவாக்கும் முயற்சியைத் தொடங்கினார். தமிழ்ப் பலகை எழுத்துக்கு அந்த அளவில் ஒரு பணி தேவைப்படுகிறது.

அரசும் நீதிமன்றமும் இந்தப் பெருக்கத்தை முதலில் போக்குவரத்துப் பிரச்சினையாகத்தான் பார்த்தன. 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், உயிரோடு இருப்பவர்களின் படங்களைப் பேனரில் போடக் கூடாது என்று உத்தரவிட்டார். நடைமுறையில் அது நிலைக்கவில்லை. அடுத்த மாதமே கோவையில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காகச் சாலையில் எழுப்பப்பட்ட அலங்கார வளைவு ஒரு பொறியாளரின் உயிரைப் பறித்தது. 2018 டிசம்பரில் டிஜிட்டல் பேனர்களுக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தடை இருக்கும்போதே, 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், கட்சிப் பிரமுகர் ஒருவரின் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலை நடுவில் வைத்த பேனர், ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மேல் சரிந்தது. பின்னால் வந்த லாரி ஏறி அவர் இறந்தார். அதன் பிறகுதான் நடிகர்கள் ரசிகர்களிடம் பேனர் வேண்டாம் என்றார்கள். கட்சிகள் உறுதிமொழி கொடுத்தன. அடுத்த மாதம் மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோது, வரவேற்புப் பேனர் வைக்க அரசே நீதிமன்றத்தில் அனுமதி கேட்டுப் பெற்றது.

சூழல் பக்கமும் சட்டம் ஓட்டைதான். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்த ஒருமுறை நெகிழித் தடையில் 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர்கள் அடங்கும். வழக்கமான ஃபிளெக்ஸ் அதைவிடத் தடிமன் என்பதால் தப்பிவிடுகிறது. வலையும் பி.வி.சி.யும் ஒட்டிக் கிடப்பதால் மறுசுழற்சி கடினம். எரித்தால் நச்சுப் புகை. ஆனால் ஏழைகள் அதை வீணாக்கவில்லை. ஓலைக் கூரைக்கு மேல், காய்கறிக் கடைக்கு, வைக்கோல் போருக்கு என்று எங்கும் தலைவர்கள் தலைகீழாக மழை தாங்குகிறார்கள். வாக்குறுதிகளில் இது ஒன்றுதான் கைக்கு எட்டியது என்று சொல்பவர்களும் உண்டு.

2019க்குப் பின் பேனர் ஒழிந்துவிடவில்லை. ஆனால் அதன் வேலையில் பெரும்பகுதி கைப்பேசிக்குப் போய்விட்டது. நடிகரின் பிறந்தநாளுக்கு ரசிகர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வைக்கும் ‘காமன் டி.பி.’, மணமக்களின் வாட்ஸாப் ஸ்டேட்டஸ், இறப்புச் செய்திப் படம் எல்லாம் அதே டிசைனர்களின் அதே கைவண்ணம். கூடவே மீம் வந்தது. 2019 மே மாதம், சுத்தியலுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்ற ஒரு ஃபேஸ்புக் கேள்விக்கு யாரோ விளையாட்டாகச் சொன்ன பதிலிலிருந்து, 2001இல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்து வடிவேலுவின் நேசமணி உலக அளவில் டிரெண்டானார். கட்-அவுட் தலைவரை உயர்த்தியது. மீம் அவரை இறக்கிவைத்தது. தமிழ்ச் சமூகம் படங்களின் மூலம் அதிகாரத்தைக் கேலி செய்ய இவ்வளவு எளிதான கருவி முன்பு இருந்ததில்லை. அதே கருவியால்தான் பெண்களை அவமதிப்பதும் நடக்கிறது.

கலைக்கூட ஓவியர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ட்ராட்ஸ்கி மருது, தமிழ் ஓவியர்களில் தொடக்கத்திலேயே கணினியைக் கையிலெடுத்து, பத்திரிகைக்கும் திரைப்படத்துக்கும் அதில் வரைந்தவர். அவருடைய கோட்டின் வேகம் கணினிச் சுட்டியிலும் குறையவில்லை. கும்பகோணம் அருகே செம்பியவரம்பலில் பிறந்த ஓவியர் இளையராஜா நேர்மாறானவர். எண்ணெய் வண்ணத்தில் புகைப்படமோ என்று ஐயுறும்படி கிராமத்துப் பெண்களை வரைந்தார். கலைக்கூட வாசலை மிதிக்காத லட்சம் பேரிடம் அவரைக் கொண்டுசேர்த்ததில் சமூக ஊடகங்களுக்குப் பெரும் பங்குண்டு. 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனபோது அந்த மக்கள்தான் அழுதார்கள். அதே ஆண்டு மார்ச்சில் கிறிஸ்டிஸ் ஏலத்தில், பீப்பிள் என்ற அமெரிக்கரின் டிஜிட்டல் படத்தொகுப்பு 6.93 கோடி டாலருக்குப் போனது. வாங்கியவர் சிங்கப்பூரில் வாழும் தமிழரான விக்னேஷ் சுந்தரேசன். யாரும் நகலெடுக்கக்கூடிய ஒரு கோப்புக்கு அந்த விலை. இப்படிப்பட்ட டிஜிட்டல் கோப்புகளின் சந்தை சீக்கிரமே சரிந்ததில் எனக்கு வியப்பில்லை.

கடைசியாக, மிகை எங்கே முடிந்து பொய் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது பிரதமர் விமானத்திலிருந்து சென்னையைப் பார்வையிடும் படம் ஒன்றை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. ஜன்னலில் தெரிந்த காட்சி வெட்டி ஒட்டப்பட்டது என்று மக்கள் கண்டுபிடித்துச் சிரிக்கவும் படம் நீக்கப்பட்டது. அன்று ஒட்டு தெரிந்தது. 2024 ஜனவரியில், 2018இல் மறைந்த கருணாநிதி, டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டில் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய உருவமாகத் திரையில் தோன்றி வாழ்த்தினார். அடுத்த மாதம், அதேபோல் உருவாக்கிய ஜெயலலிதாவின் குரல் அவருடைய பிறந்தநாளில் தொண்டர்களோடு பேசியது. 2025 ஆகஸ்டில் ‘அம்பிகாபதி’ படத்தின் முடிவை, இயக்குநரின் எதிர்ப்பையும் மீறி, செயற்கை நுண்ணறிவால் மாற்றி மறுவெளியீடு செய்தார்கள்.

இவற்றைக் கட்-அவுட்டின் தொடர்ச்சி என்று சிலர் சொல்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்-அவுட் தலைவரைப் பெரிதாக்கியது. அவர் வாயில் புதிய சொற்களை வைக்கவில்லை. அதன் அடியில் வரைந்த பட்டறையின் பெயர் இருந்தது. சண்டை போட வேண்டுமானால் யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்தது. 2025 ஜனவரியில் தேர்தல் ஆணையம், செயற்கை நுண்ணறிவால் செய்த பிரசாரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று கட்சிகளுக்கு அறிவுரை கூறியது. அறிவுரை போதாது. செய்தவர் பெயரும் காசு கொடுத்தவர் பெயரும் படத்திலேயே இருக்க வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். மூலையில் பொடி எழுத்தில் போட்டால் ஏற்கக் கூடாது.

ஆய்வாளர்களுக்கு இன்னொரு தலைவலி சான்றுகள். கைப்பேனர்த் துணியை வெள்ளையடித்து அடுத்த படத்துக்குப் பயன்படுத்தினார்கள், பலகைகள் விறகாயின. ஃபிளெக்ஸ் கோப்புகளை ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் அழித்தார்கள். இரண்டு தலைமுறைச் சாலைப் படங்களும் போய்விட்டன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லியின் குழு, 1880 முதல் 1980 வரையான தமிழ் ஸ்டுடியோப் புகைப்படங்களைத் தேடி டிஜிட்டல் படிமங்களாக்கியது. சாலையோரப் படங்களுக்கும் அப்படி ஒரு திரட்டு வேண்டும். உங்கள் வீட்டு ஆல்பத்தில் கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னாலோ, மெரினாச் சுற்றுலாவுக்குப் பின்னாலோ ஒரு கட்-அவுட் நின்றிருக்கலாம். அந்தப் படத்தை நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து, ஊரும் ஆண்டும் தெரிந்தால் எழுதி, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ உங்கள் ஊர்க் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ கொடுங்கள். வரைந்தவரின் பெயர் ஓரத்தில் தெரிந்தால் அதையும் மறக்காமல் குறித்துக் கொடுங்கள்.